சொன்னால் வராத சிரிப்பு

என் செல்லம் சிட்டுவுக்கு, அம்மா ஆசையோடு எழுதுவது. இங்கே நானும் உங்கப்பாவும், பஸ் ஓட்டாத நேரமெல்லாம் நம் வீட்டிலேயே கிடக்கும் உன் மாமாவும் சுகமாகத்தான் இருக்கிறோம். கடல் தாண்டி இருக்கிற நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்குத் தூங்கி நல்லபடியாக இருந்தால் அதுவே எனக்குப் போதும். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் பேசினால் உங்கப்பா காதில் விழும், அதனால்தான்.

போன வாரம் அழுதுகொண்டே கேட்டாயே, மாப்பிள்ளையை நானே தேடிக்கொண்டேன் என்று அப்பாவுக்குக் கோபமா, அதனால்தான் போனில் முகம் காட்டாமல் குரல் மட்டும் கொடுக்கிறாரா, இங்கே நடக்கிற கல்யாணத்துக்கும் வரமாட்டேன் என்கிறாரா என்று. கோபமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. அவருக்கு மூளையில் ரத்தம் அடைத்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது வலது கையும் காலும் விழுந்துபோனதையும், பிறகு பயிற்சி செய்து தேறியதையும் சொன்னேன், அதெல்லாம் உண்மை. வாயைப் பற்றி மட்டும் உன்னிடம் மூச்சு விடக்கூடாது என்று உத்தரவு. சிரிக்கச் சொன்னால் இடது பக்கம்தான் ஏறுகிறது, வலது பக்கம் அப்படியே தொங்குகிறது. ஊரில் உள்ளவர்களையெல்லாம் ஸ்டூலில் உட்காரவைத்து, தலையை இறக்குங்க, தோளைத் தளர்த்துங்க, ஆங், இப்போ சிரிங்க என்று சொல்லியே சம்பாதித்த மனுஷன், என் பொண்ணு கல்யாண போட்டோவுல கோணவாயோட நிக்கமாட்டேன்னு ஒரே பிடிவாதம். ஸ்டூடியோவில் வாடிக்கையாளர்கள் தலைசீவும் கண்ணாடி மேல் துண்டைப் போட்டு மூடிவிட்டார். வந்தவர்கள் குத்துமதிப்பாகச் சீவிக்கொள்கிறார்கள்.

டாக்டர் படம் வரைந்து காட்டினார். ஒரு காதிலிருந்து மறு காது வரைக்கும் தலைக்கு மேலே பட்டை கட்டினால் எப்படி இருக்கும், அந்த மாதிரி மூளையில் ஒரு பட்டை இருக்கிறதாம். அங்கிருந்துதான் கையைத் தூக்கு, காலை வை என்று உத்தரவு போகிறதாம். இடது பக்கத்துப் பட்டை வலது பக்க உடம்பை ஆளுமாம். உடம்பில் ஒவ்வொன்றுக்கும் அதில் தனித்தனி இடம், அதிலும் விரலுக்கும் வாய்க்கும்தான் பெரிய பங்கு என்றார். நம்ம வீட்டுல வாய்க்குத்தானே டாக்டர் எப்பவுமே பெரிய பங்கு என்று உன் மாமா என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னான். அந்தப் பட்டையில் அடிபட்டதால்தான் இப்படியாம். அடிபடாத அக்கம்பக்கத்து இடங்கள் மெல்ல மெல்ல அந்த வேலையைப் பழகிக்கொள்ளுமாம், கை தேறியது அப்படித்தான். பின்னந்தலையில் இருக்கிற சின்ன மூளைக்கு ஒன்றும் ஆகவில்லை, அது கெட்டிருந்தால் தள்ளாட்டமும் கை நடுக்கமும் வந்திருக்குமாம். கும்பிட்டுக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுக்கும் பெண்தான் ஒரு நாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். அம்மா, சொல்லிச் சிரிக்கிற சிரிப்பு அந்தப் பட்டை வழியா வருது, தானா வர்ற சிரிப்பு உள்ளேயிருந்து வேற வழியா வருது, அந்த வழி சாருக்கு நல்லா இருக்கும்னு நினைக்கிறேன், ஒரு தடவை நிஜமா சிரிக்கவெச்சுப் பாருங்க என்றாள். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும், இந்த மனுஷனை நான் எங்கே போய்ச் சிரிக்கவைப்பது? இருந்தாலும் விட்டேனா, சாப்பிட உட்காரும்போதெல்லாம் துணுக்கு சொன்னேன். முழுசாகக் கேட்டுவிட்டு, முடிஞ்சுதா, குழம்பு ஊத்து என்பார்.

இப்படி இருக்கும்போதுதான் அவர் பாஸ்போர்ட் முடியப்போகிறது என்று ஞாபகம் வந்தது. கல்யாணத்துக்கு வராட்டிப் போங்க, பாஸ்போர்ட்டையாவது புதுப்பிச்சு வைங்க என்றேன். அந்த போட்டோவில் சிரிக்கவே கூடாது என்பதால் சரி என்றார். ஆனால் எதிரே இருக்கிற போட்டோ கடைக்குப் போகமாட்டாராம். அதனால் நம் ஸ்டூடியோவிலேயே, அவரை அவருடைய ஸ்டூலில் உட்காரவைத்தோம். எடுப்பது உன் மாமா. தலையை இறக்குங்க அத்தான், தோளைத் தளர்த்துங்க என்று அவரை மாதிரியே பேசி இவன் பண்ணிய அலட்டல் தாங்கவில்லை. பின்னால் வெள்ளைத் துணி சுருங்கியிருக்கிறது என்று என்னை கேமரா பக்கத்தில் நிற்கச் சொல்லிவிட்டு அதை இழுக்கப் போனான். கம்பியோடு துணி மொத்தமும் அவன் தலைமேல் வந்து விழுந்தது. உள்ளே வழி தெரியாமல் சுற்றிச் சுற்றி வருகிறான், செருப்பு மட்டும்தான் வெளியே தெரிகிறது. அதோடு விட்டானா, உள்ளே இருந்துகொண்டே, அத்தான் நீங்க அசையாதீங்க, வெளிச்சம் நல்லா இருக்கு என்கிறான். உங்கப்பா திரும்பிப் பார்த்தார். அடியே, என்ன சிரிப்பு சிரித்தார் தெரியுமா, கண்ணில் தண்ணீர் வர, இரண்டு கன்னமும் ஒன்றாக ஏறி. இத்தனை வருஷத்தில் அந்த கேமராவை நான் தொட்டதே இல்லை. எந்தப் பித்தானை அமுக்கினேனோ தெரியாது, அமுக்கிவிட்டேன்.

கேமராவை வாங்கிப் பார்த்து, ஃபோகஸ் இல்ல, பாதி நெத்தியைக் காணோம், யாரு இப்படி எடுப்பா என்று என்னைத் திட்டினார். பிறகு படத்தில் வாய் இருக்கும் இடத்தைப் பெரிதாக்கி ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன், எனக்கு அழுகையை அடக்க முடியவில்லை. மறுநாள் காலையில் கண்ணாடி மேல் துண்டைக் காணோம். சாப்பிடும்போது, அங்கே குளிருமா, கோட்டு தைக்கக் குடுக்கணுமா என்று கேட்டார். ஆகவே கல்யாணத்துக்கு வருகிறோம், மூன்று டிக்கெட். அந்தப் படத்தை இதோடு வைத்திருக்கிறேன், பாஸ்போர்ட்டுக்கு அது உதவாது.

நீயும் மாப்பிள்ளையும் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்து நூறு வருஷம் நன்றாக இருங்கள். ஈரத் தலையோடு வெளியே போகாதே. ஒன்றே ஒன்று மறக்காதே. விமான நிலைய வாசலில் எங்களைத் தேடும்போது அப்பா வாய் கொஞ்சம் கோணியிருக்கும், பதறாதே, சிரிங்கப்பா என்று மட்டும் வாய்தவறிக்கூடச் சொல்லிவிடாதே. பேசாமல் அவர் கண்ணில் படுகிற மாதிரி வந்து நில். மற்றது தானாக நடக்கும்.

உன் நினைப்பாகவே இருக்கும்,
அம்மா