வலம் என்று எழுதியிருந்தது

அக்டோபர் 17, 1983

மழை.

இப்போதுதான் அந்தச் சொல்லை எழுதினேன். வெளியே பெய்வது தாளிலும் நிற்கிறது. இதற்கே காப்பி ஆறிவிட்டது.

மாதா கோயில் நிலவறையில் நடக்கும் எழுத்து வகுப்பில் டீச்சர் மதாம் பொமெர்லோ சொன்னார், தினமும் ஏதாவது எழுதுங்கள், யாரும் திருத்தப் போவதில்லை என்று. எழுபத்திரண்டு வயதில் படிக்கக் கற்ற எனக்கு இப்போது எல்லாமே பேசுகின்றன. உப்புப் பை பேசுகிறது. சோப்பு பேசுகிறது. குளிக்கும் அறையில் வெகுநேரம் இருந்துவிட்டேன். வெளியிலிருந்து ஃபெர்னான், "புலவரே, சோப்பு படிச்சு முடிச்சாச்சா? நானும் மூஞ்சி கழுவணும்" என்றான்.

தம்பிதான். வாழ்நாள் முழுக்க எனக்கு வாசித்துக் காட்டியவன்.

அக்டோபர் 20

டிராக்டரின் பின்னால் மாட்டும், பனி வாரி இறைக்கும் எந்திரம் கொட்டகையில் துண்டு துண்டாகக் கிடக்கிறது. கியர் பாக்ஸ் சரிசெய்ய ஆகஸ்டில் பிரித்தது. நான் சுரண்டிக் கழுவினேன், ஃபெர்னான் வர்ணம் அடித்தான். இன்று சாப்பாட்டு மேசையில் தீர்ப்புச் சொன்னான். முதல் பனிக்குள் நான் அதைப் பூட்டி, அது ஒழுங்காக ஓடினால், இந்தக் குளிர்காலமும் டிராக்டர் இருக்கை எனக்கு. இல்லையென்றால் எங்கள் அக்கா மகன் தொனா ஓட்டுவான். எனக்கு ஆமோஸ் நகர முதியோர் இல்லத்தில் ஃபெர்னான் ஓர் அறை சொல்லி வைத்திருக்கிறான்.

ஏற்கெனவே சொல்லியே வைத்துவிட்டான்.

நிலம் அவன் பேரில். கையெழுத்துப் போடத் தெரிந்த பிள்ளைக்குத்தான் அப்பா கொடுத்தார். எனக்கு இருக்கை இருந்தது. நாலாம் வரிசைச் சாலையில் உள்ள எல்லா வாசலையும் பின்னோக்கி ஓட்டிச் சுத்தம் செய்து கொடுப்பேன். அங்கே யாரும் எனக்கு எதையும் வாசித்துக் காட்டத் தேவையில்லை.

அக்டோபர் 25

நல்ல நாள். கை நிறைய கிரீஸ்.

டிராக்டரிலிருந்து எந்திரத்துக்குப் போகும் ஷாஃப்டைக் கோத்தேன். இரு முனையிலும் கவைகள் உண்டு. இரண்டும் ஒரே வாக்கில் நிற்க வேண்டும். ஒன்று படுத்து ஒன்று நின்றால், சண்டை போட்ட புருஷன் பெண்டாட்டி போல வண்டியே உதறும். பிறகு செயின். பல்சக்கரம் இரண்டுக்கும் ஒரு நேரான பலகையை ஒட்டிப் பிடித்தேன். ஒரு பக்கம் வெளிச்சம் கசிந்தது. உள்ளே ஒரு வாஷர் வைத்தேன். வெளிச்சம் போயிற்று.

இதையெல்லாம் எந்த எழுத்தும் சொல்லித் தரவில்லை. இப்போது எழுதுகிறேனே, அதில்தான் சந்தோஷம்.

அக்டோபர் 26

இரும்பில் எழுத்து!

எந்திரத்தின் வாயில் உருளும் சுருள்கள் இரண்டு, இடம் ஒன்று, வலம் ஒன்று. இரண்டும் பனியை நடுவுக்குத் தள்ளும், நடுவில் உள்ள விசிறி அதைக் கழுத்து வழியே தூர எறியும். வர்ணம் அடித்தபோது ஃபெர்னான் அவற்றில் வெள்ளையில் எழுதி வைத்திருக்கிறான். ஒன்றில் வயிறு தள்ளிய 'தே', எங்கள் பிரெஞ்சில் வலத்தின் முதல் எழுத்து. மற்றதில் கொக்கி போட்ட 'ஜே', இடத்தின் முதல் எழுத்து. மண்டியிட்டு விரலால் தடவி வாசித்தேன். சத்தமாகவே வாசித்தேன்.

மாட்டும்போது கை நின்றது. திரும்பவும் நின்றது. கை வேறு ஏதோ சொல்லப் பார்த்தது. "சும்மா இரு, உனக்குப் படிக்கத் தெரியாது" என்று கையிடம் சொல்லிவிட்டு, எழுத்துப்படி மாட்டினேன். முறியும் போல்ட்டையும் போட்டேன். அது மெல்லிய போல்ட். கல் சிக்கினால் அது முறிந்து மற்றதைக் காப்பாற்றும்.

நவம்பர் 2

காற்றில் பனி வாசனை.

நவம்பர் 8

எழுதப் பிடிக்கவில்லை.

முதல் பனி முழங்காலளவு. எதிர்வீட்டு ஒவிலாவின் வாசலில்தான் எப்போதும் முதல் ஓட்டம். வரிசைக்காரர்கள் காப்பிக் கோப்பையோடு நின்றார்கள். பின்னோக்கி விட்டேன். எந்திரத்தின் கழுத்திலிருந்து ஒன்றும் வரவில்லை. சுருள் இரண்டும் பனியை நடுவுக்குத் தள்ளாமல் வெளியே தள்ளின. இந்தப் பக்கம் ஒரு மேடு, அந்தப் பக்கம் ஒரு மேடு. நடுவில் நான், கழுத்தைத் திருப்பிக்கொண்டு, முட்டாள் மாதிரி இன்னும் வேகம் கொடுத்தபடி.

இடமும் வலமும் மாறியிருந்தன.

ஒவிலாவுக்குச் சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. ஃபெர்னான்தான் சத்தமாகச் சொன்னான்: "படிக்காதவனா இருந்தப்ப ஒழுங்கா மாட்டினான். இப்ப பண்டிதனாயிட்டான்ல!"

எழுத்தில் இருந்ததே என்றேன். "எழுத்துலயா? நீ படிச்ச எழுத்துலயா?" அதற்கும் சிரிப்பு.

எழுதினது நீதானேடா.

நவம்பர் 9

விடிந்ததும் கொட்டகைக்குப் போய் இரண்டையும் மாற்றி மாட்டினேன். சொந்த வாசலில் ஓட்டிக் காட்டினேன். பனி வேலிக்கு அப்பால் போய் விழுந்தது. ஃபெர்னான் ஜன்னலிலிருந்து பார்த்தான். அல்லது பார்ப்பது போல நின்றான். பேச்சு பேச்சுதான் என்றான். சாவி தொனாவிடம் போயிற்று. ஆமோஸ் அறை புது வருஷம் முதல்.

வேண்டுமென்றேதான் மாற்றி எழுதியிருக்கிறான். வேறென்ன? இளவயதிலும் இப்படித்தான். ஊர் மண்டபத்தில் நடனம். சுவரொட்டியில் வெள்ளிக்கிழமை என்று போட்டிருந்ததை எனக்குச் சனிக்கிழமை என்று வாசித்தான். சனிக்கிழமை வெள்ளைச் சட்டை போட்டு நடந்து போனேன். கதவு பூட்டியிருந்தது. நான் ஆசைப்பட்ட அல்மா வெள்ளியன்றே வேறொருவனோடு ஆடிவிட்டாள், அவனையே கட்டிக்கொண்டாள். ஃபெர்னான் அதை இன்னும் கல்யாண வீடுகளில் சொல்லிச் சிரிக்க வைக்கிறான்.

நவம்பர் 24

கடவுளே, என்ன காலை இது.

காலை ரொட்டியோடு ஃபெர்னான் பேப்பரில் மரண அறிவிப்புகளை வாசிப்பான். அது எங்கள் வீட்டு ஜெபம் மாதிரி. இன்று காப்பி ஊற்ற அவன் தோளுக்குப் பின்னால் நின்றேன். அவன், "லாஃப்லாம், வயசு எம்பது, பெரிய குடும்பஸ்தன்" என்று வாசிக்கிறான். அந்தப் பக்கத்தில் லாஃப்லாம் என்று யாருமே இல்லை. இருந்தது ஒரு பெண். படமும் போட்டிருந்தது. அவன் விரல் அவள் மூக்கின் மேல் ஓடியது.

ஊற்றிய காப்பி தட்டில் வழிந்தது. "கண்ணு தெரியலையா உனக்கு?" என்று என்னைத் திட்டினான்.

நவம்பர் 25

புனித கதரீன் நாள். இன்று பழைய பேப்பரையே மடித்து மேசையில் வைத்தேன். அதில் இல்லாத புத்தம் புதுச் செய்திகள் வாசித்தான். மந்திரி பேசினதுகூட வந்தது.

அப்படியென்றால் சுருளில் எழுதியது? கண் தெரியாமல் மாற்றி எழுதினானா, தெரிந்தே எழுதினானா? கேட்டால் சொல்வானோ என்னவோ. நான் கேட்கப் போவதில்லை.

தங்கை வீட்டில் இந்த நாளின் வழக்கப்படி பாகு மிட்டாய் இழுத்துக் கொடுத்தார்கள். அதைப் போலவே இந்தச் சேதியையும் வாயில் அடக்கி வைத்திருக்கிறேன். கரையக் கரைய இனிக்கிறது.

நவம்பர் 29

ஒவிலாவின் வாசலில் தொனா எந்திரத்துக்கு ஒரு விறகுக் கட்டையை விழுங்கக் கொடுத்துவிட்டான். போல்ட் முறிந்தது. முறிய வேண்டியதுதான். மாற்றுப் போல்ட் எங்கே என்று கேட்டு எல்லோரும் எங்கள் கொட்டகைக்கு வந்தார்கள். ஒவிலா, தொனா, இன்னும் சிலர். அலமாரியில் மெல்லியது ஒரு டப்பா, கடினமானது ஒரு டப்பா. கடினமானதைப் போட்டால் கியர் பாக்ஸ் போய்விடும்.

"எந்த டப்பா, மாமா?" என்று தொனா என்னைத்தான் கேட்டான்.

"எனக்கென்னப்பா தெரியும்? நான் படிச்சா என்ன ஆகும்னுதான் எல்லாரும் பாத்தீங்களே. படிச்சவரு இருக்காரு, அவரைக் கேளு."

என் சட்டைப் பையில் இருமல் மிட்டாய் டப்பா இருந்தது. தகர டப்பா, அதே அளவுதான் இருக்கும். மூடியில் கம்பளியால் கழுத்தைச் சுற்றிய குழந்தையின் படம். அதை எடுத்து ஃபெர்னானின் கையில் வைத்தேன்.

"இதுவான்னு வாசிச்சுச் சொல்லு, தம்பி."

அவன் குலுக்கிப் பார்த்தான். கலகலத்தது. படித்தவர்கள் பிடிப்பது போலக் கையை நீட்டிப் பிடித்து, தலையைப் பின்னால் சாய்த்து, கோயில் குரலில் வாசித்தான்: "பனி எந்திரத்துக்கானது. மெல்லிய ரகம்." பிறகு தொனாவைப் பார்த்து, அதாவது தொனா நின்ற பக்கமாகப் பார்த்து, "இதுதான்டா. கண்ணு எதுக்கு இருக்கு உங்களுக்கெல்லாம்?" என்றான்.

சிரிப்பார்கள் என்று காத்திருந்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. ஒவிலா தொப்பியைக் கழற்றி உள்ளே எதையோ தேடினான். தொனா அந்த டப்பாவைக் குழந்தையிடமிருந்து வாங்குவது போல வாங்கினான்.

"சரி மாமா" என்றான். பிறகு என்னிடம், மெதுவாக, "நீங்க எடுத்துக் கொடுங்க."

எடுத்துக் கொடுத்தேன். ஃபெர்னானுக்கு அந்த மௌனம் புரிந்துவிட்டது. கொட்டகைச் சுவரைத் தடவிக்கொண்டு வீட்டுக்குப் போனான். எல்லோர் முன்னாலும், தடவிக்கொண்டே.

பாட்டு வந்தது எனக்கு. அடக்கிக்கொண்டேன்.

டிசம்பர் 3

சாவி என் பையில். தொனாவே கொண்டு வந்து கொடுத்தான். ஆமோஸ் அறையை ரத்து செய்யவா என்று கேட்டான். இருக்கட்டும் என்றேன். யாராவது ஒருவருக்குத் தேவைப்படும்.

டிசம்பர் 12

இப்போது காலையில் நான்தான் வாசிக்கிறேன். விரலை வைத்து, நிதானமாக. அவன் ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கிறான். முதலில் திருத்தப் பார்த்தான், பிறகு விட்டுவிட்டான்.

இன்று அவனே கேட்டான். நகரத்துக் கண் வைத்தியர் ஊர் மண்டபத்துக்கு வருகிறாராம், கோயிலில் பேசிக்கொண்டார்களாம், இதை விட்டால் அடுத்த முறை வசந்தத்தில்தானாம். என்றைக்கு என்று பேப்பரில் பார்க்கச் சொன்னான். தேடினேன். இருந்தது, கட்டம் கட்டி, பெரிய எழுத்தில். வெள்ளிக்கிழமை.

அழகான சொல். வகுப்பில் நான் பிழையில்லாமல் எழுதிய முதல் கிழமை.

"என்னைக்குன்னு போட்டிருக்கு?"

சொன்னேன்.

டிசம்பர் 17, சனி

காலையிலேயே அவன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டான். பொத்தான் மாறியிருந்தது, நான் சரிசெய்யவில்லை. எந்திரத்தைப் பூட்டி, மண்டபம் வரை பாதையைச் சுத்தமாக வாரிக்கொண்டே போனேன். சுருள், விசிறி, செயின் எல்லாம் ஒரே மூச்சாக ஓடின. அவன் என் பின்னால் இருக்கைக் கம்பியைப் பிடித்து நின்றிருந்தான். வாசல் படிவரை வாரிக் கொடுத்தேன்.

இறங்கிப் போய்த் தட்டினான். பூட்டைத் தடவினான். மறுபடியும் தட்டினான். நான் இருக்கையிலேயே இருந்தேன்.

திரும்பும் வழியில் இருக்கைக் கம்பியை இறுகப் பிடித்து நின்றான். பிறகு என் காதருகே வந்து, கேலி எதுவும் இல்லாமல், அண்ணே என்றான்.

"அண்ணே, அதுல சனின்னுதானே போட்டிருந்துச்சு?"

"சனின்னுதான் வாசிச்சேன்" என்றேன்.