கிணற்றடி ஸ்விட்ச்

12 ஆகஸ்ட் 1971, வியாழன்

கிணற்றடி மோட்டார் ஸ்விட்சைத் தொட்டால் கை சுர்ரென்கிறது என்று என் மனைவி மீனாட்சி மறுபடியும் சொன்னதால், இன்று சுப்பையாவை வரவழைத்தேன். லைசென்ஸ் பெற்ற எலெக்ட்ரீஷியன். எங்கள் வயரிங் பத்திரமானது என்று கையெழுத்திட்டவர்.

"ஆச்சி ஈரக்கையோட தொட்டிருப்பாக. வேற கோளாறு ஒண்ணும் இல்லைங்கய்யா," என்றார், பக்கத்தில்கூடப் போகாமல்.

"அப்ப நீங்களே ஒருதரம் போட்டுக் காட்டுங்க."

நான் குரலை உயர்த்தவில்லை. இந்த மனிதர் என்ன செய்வார் என்று அறியும் ஆவல் சினத்தைவிட மேலோங்கி நின்றது. நீட்டிய கையைப் பாதியில் நிறுத்தி, ஈரத் தரையில் பதிந்திருந்த தம் கால்களைப் பார்த்தார்.

"வாசல்ல கிடக்க செருப்பை மாட்டிக்கிட்டு வந்துர்றேன்."

மீனாட்சி சிரித்துவிட்டாள். "நல்லா இருக்கீகளே! நான் தினமும் வெறுங்காலோடதான போடுறேன்?"

அவர் தலை நிமிரவில்லை. "வேலை பார்த்தது என் மச்சினன்யா. நான் வந்து பார்க்கலை. கையெழுத்து மட்டுந்தான் என்னுது."

மெயினை அணைத்துவிட்டு அவரை வெளியே அனுப்பினேன். பார்க்காத ஒன்றுக்கு உறுதி கூறிய அந்தக் கணத்தில் அவர் மனத்தில் என்னதான் ஓடியிருக்கும்? மாலை முழுவதும் அதையே எண்ணிக்கொண்டிருந்த எனக்கு, இதை எழுதும்போதுதான் உறைக்கிறது: என் அச்சகத்துக்கும் அவர்தான் கையெழுத்திட்டார். விடிந்ததும் இயந்திரத்தை ஓட்டப் பழனி வந்துவிடுவான். இப்போதே போகிறேன்.