எழுதாத பரீட்சைக்கு ஒரு வாழ்த்து

56 ஏ.பி.ஓ.
12-9-1963

அன்புள்ள குழலிக்கு,

நான் சுகம். நீ எப்படி இருக்கிறாய் என்று தெரியாமல் நான்கு நாளாகச் சோறு இறங்கவில்லை.

உன் தம்பி தாயுமானவனிடமிருந்து வாழ்த்துத் தந்தி வந்தது. பிள்ளை பிறந்துவிட்டது என்று துள்ளினேன். எங்கள் பட்டாளக் கம்பெனியின் கிளார்க் ஜமால் வாசித்துக் காட்டினார்: "பரீட்சையில் தேறியதற்கு வாழ்த்துகள்." மலையில் ரோடு போடுகிறவனுக்குப் பரீட்சை ஏது? இங்கே எல்லாரும், "எப்ப ஹவில்தார் ஆகப்போறே?" என்று கேலி செய்கிறார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நீ நிறைமாதம். சொல்ல மனமில்லாத செய்தி ஏதாவது உண்டா? உண்மையை உடனே எழுது. இருக்கும் இடத்தை நான் எழுதக்கூடாது. குளிர் என்று மட்டும் எழுதலாம்.

உன்,
பிச்சைமுத்து

மலைக்கோட்டை, திருச்சி
24-9-1963

அன்புள்ள அத்தானுக்கு, குழலி எழுதிக்கொண்டது.

ஆறாம் தேதி காலையில் உங்களுக்கு மகள் பிறந்தாள். உங்கள் மூக்கு, உங்கள் பிடிவாதம். இருவரும் சௌக்கியம். வள்ளிக்கண்ணு என்று பெயர் வைக்கச் சொன்னது உங்கள் அம்மா.

தந்தி ஆபீசில் வாழ்த்து வாசகங்களுக்கு நம்பர் போட்டுப் பலகை மாட்டியிருக்கிறார்களாம். நம்பரைச் சொன்னால் போதுமாம். மாமா ஆன மகிழ்ச்சியில் தம்பி ஒரு வரி தள்ளிப் பார்த்துவிட்டான். பிரசவத்துக்காகத் தாயுமானவர் சாமிக்கு என் அம்மா நேர்ந்திருந்த வாழைத்தாரை அவன் தலையில் ஏற்றி, மலைப்படி அத்தனையும் ஏறவைத்தோம்.

ஆனால் அந்தத் தந்தி என்னை விடவில்லை, அத்தான். என் எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சையும் நம் கல்யாணமும் ஒரே வாரத்தில் வந்தன. உங்களுக்குக் கிடைத்த லீவு அதுதான் என்றார்கள். நானும் கழுத்தை நீட்டினேன். அன்றைக்கு விட்ட அந்தப் பரீட்சையை வரும் மார்ச்சில் எழுதப்போகிறேன். பிறகு டீச்சர் டிரெயினிங்.

உங்களோடு பட்டாளத்தில் இருந்த அந்தோணியின் மனைவி வியாகுலம்மாள், அரியமங்கலத்திலிருந்து குழந்தையைப் பார்க்க வந்தாள். போன வருஷம் சீனாக்காரனோடு நடந்த சண்டையில் அவர் இறந்ததிலிருந்து இரண்டு பிள்ளைகளோடு அண்ணன் வீட்டு அடுப்படியில் கிடக்கிறாள். "நாலெழுத்து படிச்சிருந்தா என் அடுப்பை நானே மூட்டியிருப்பேன் குழலி" என்றாள்.

உங்கள் சம்மதம் எனக்கு வேண்டும். அதற்காகக் காத்திருந்து மார்ச்சைத் தவறவிடமாட்டேன்.

உங்கள்,
குழலி

56 ஏ.பி.ஓ.
15-10-1963

குழலிக்கு,

மகள் பிறந்த சந்தோஷத்தில் கம்பெனிக்கே டீ வாங்கிக் கொடுத்தேன். உன் கடிதத்தின் கடைசிப் பக்கம் வந்ததும் அந்தச் சந்தோஷம் போயிற்று.

அந்தோணி பெயரை எழுதி என்ன சொல்ல வருகிறாய்? நான் திரும்பமாட்டேன் என்று முடிவு கட்டிவிட்டாயா? கைப்பிள்ளைக்காரிக்குப் பரீட்சை எதற்கு? அம்மாவுக்கும் பிடிக்கவில்லை என்று கடிதம் வந்தது. இந்தப் பேச்சை இதோடு விடு.

பிச்சைமுத்து

திருவானைக்காவல்
20-1-1964

அன்புள்ள அத்தானுக்கு,

மூன்று மாதமாக நான் எழுதாததற்குக் கோபம்தான் காரணம். உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்து அழுதேன். நான்காம் முறை படித்தபோது அழுகை வரவில்லை.

நீங்கள் வருவீர்கள். வராமல் எங்கே போய்விடுவீர்கள்? ஆனால் பயமே இல்லாதவள் போலச் சிரித்துச் சிரித்து எழுத என்னால் ஆகாது. பட்டாளத்துக்காரன் பெண்டாட்டி அந்தப் பயத்தோடுதான் வாசலில் கோலம் போடுகிறாள். பயந்துகொண்டு சும்மா உட்காருவதைவிட, பயந்துகொண்டே அல்ஜீப்ரா படிப்பது மேல் இல்லையா? நீங்கள் வந்த பிறகு எந்த ஊருக்கு மாற்றினாலும் அங்கேயும் ஒரு பள்ளிக்கூடம் இருக்கும்.

விண்ணப்பம் போட்டாயிற்று. தூளிக் கயிற்றைக் கால் கட்டைவிரலில் மாட்டிக்கொண்டு படிக்கிறேன். கால் நின்றால் வள்ளிக்கண்ணு விழித்துவிடுகிறாள். அதனால் தூங்காமல் படிக்கிறேன்.

நான் இங்கே உங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்ததிலிருந்து அத்தை என்னோடு பேசுவதில்லை. சுவரைப் பார்த்து, "புஸ்தகமா பால் குடுக்கும்?" என்று கேட்கிறார்கள். பதிலைச் சுவரிடம் விட்டுவிட்டு நான் அடுத்த கணக்குக்குப் போகிறேன்.

உங்கள்,
குழலி

56 ஏ.பி.ஓ.
2-5-1964

அன்புள்ள குழலிக்கு,

உன் கடிதத்துக்குப் பதில் எழுத உட்கார்ந்து எத்தனையோ தாளைக் கிழித்தேன். கடைசியில் வெட்கத்தை விட்டு ஜமாலிடம் காட்டினேன். "எங்க வீட்ல எல்லாம் சௌக்கியம்னு மட்டும்தான் எழுதுவாங்க. பயத்தை எழுதுற சம்சாரம் கிடைச்சிருக்கு, குடுத்து வச்சவன்யா நீ" என்றார். நான் எழுதியது தப்பு. அந்தோணியின் பெயரைப் பார்த்ததும் எனக்கும் பயம் வந்துவிட்டது. அதை உன்மேல் கோபமாகக் காட்டினேன்.

அம்மா யாரிடமோ சொல்லி எழுதவைத்த கடிதம் வந்தது. நீ பரீட்சை எழுதிய நாட்களில் தானே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் வெயிலில் நின்றதாகப் புகார் சொல்லியிருக்கிறாள். மூன்று முறை படித்தேன். புகார் மாதிரி தெரியவில்லை.

நாளை மறுநாள் மேலே ஏறுகிறோம். இரண்டு மாதத்துக்குத் தபாலும் கிடையாது, தந்தியும் கிடையாது. ரிசல்ட் வரும் நாளில் உன்னை வாழ்த்த முடியாது. அதனால் இன்றைக்கே தந்தி கொடுத்துவிட்டேன். சரியான நம்பர்தானா என்று ஜமால் மூன்று தடவை பார்த்தார். தவறிவிட்டால் பெட்டியில் வைத்துக்கொள், அடுத்த தடவைக்கு ஆகும்.

உன்,
பிச்சைமுத்து

திருவானைக்காவல்
18-6-1964

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதத்துக்கு ஒரு வாரம் முந்தித் தந்தி வந்துவிட்டது. பரீட்சையில் தேறியதற்கு வாழ்த்துகள் என்று தந்திச் சேவகன் வாசலில் நின்று உரக்கப் படித்தான். "இன்னும் ரிசல்ட்டே வரலையே அத்தை" என்றேன். "மிலிட்டரிக்குத் தெரியாதது உண்டா?" என்று சொல்லிவிட்டு, அத்தை மேலவீதி முழுக்கக் கற்கண்டு கொடுத்துவிட்டார்கள். என்னோடு பேசாத அத்தை!

நேற்று ரிசல்ட் வந்தது. மற்ற பாடம் எல்லாம் தேறிவிட்டேன். கணக்கில் நான்கு மார்க் போதவில்லை.

குழந்தையைத் தூளியில் போட்டுவிட்டு அத்தையிடம் போய்ச் சொன்னேன். "தெரு பூரா கற்கண்டு குடுத்தாச்சு. திருப்பியா வாங்க முடியும்? செப்டம்பர்ல பாஸ் பண்ணிடு" என்றார்கள்.

இன்று காலையில் நான் புத்தகத்தை எடுத்ததும், அத்தை வந்து தூளிக் கயிற்றை என் கால்விரலிலிருந்து கழற்றித் தன் விரலில் மாட்டிக்கொண்டார்கள்.

தந்தி கணக்குப் புத்தகத்துக்குள் இருக்கிறது. நீங்கள் கீழே இறங்கி வரும்வரை இந்தக் கடிதம் உங்கள் முகாமில் காத்திருக்கட்டும். எனக்கு இன்னும் எட்டு அத்தியாயம் பாக்கி.

உங்கள்,
குழலி