நானாயின் இரண்டு ‘கூடாது’

ஜனவரி 9, வெள்ளி

காலையில் ஒரே பனி. எதிர்வீட்டு மாடு தெரியவில்லை, கழுத்து மணிச் சத்தம் மட்டும். கடைக்கு லீவு சொல்லியாயிற்று. (கண்ணாடிக் கடை. “கடைசி வரி தெரியுதா பாருங்க” என்று நாள் முழுக்கக் கேட்கிற உத்தியோகம்.)

மீனம்பாக்கத்திலிருந்து வண்டி வந்தது. தம்பி பிரிட்டோ, அவன் கட்டிக்கொள்ளப்போகும் மரிசெல், அவளுடைய அம்மா. பிலிப்பைன்ஸ்காரர்கள். துபாயில் ஒரே ஓட்டலில் வேலை. இவன் ஏ.சி. மெக்கானிக், அவள் வரவேற்பில். கல்யாணம் இங்கே, திண்டிவனத்தில், 21ஆம் தேதி.

மரிசெல் என் தோள் உயரம்தான். என்னைப் பார்த்ததும் “ஆத்தே” என்றாள். எதையோ பார்த்துப் பயந்துவிட்டாள் என்று நினைத்தேன். அவர்கள் பாஷையில் அக்காவாம். அவள் அம்மாவைக் கூப்பிடுவது “நானாய்”. எங்கள் அம்மா என்னைச் சமையலறைக்குள் இழுத்துப்போய், “பெத்தவளப் போயி வாய்க்கு வாய் நாயின்னுதே, இன்னாடி இது?” என்றாள். அம்மா என்றுதான் அர்த்தம் என்று சொன்னேன். பாதிதான் நம்பினாள்.

அவர்கள் பேசுவது இங்கிலீஷ். நான் பேசுவது கண்ணாடிக் கடை இங்கிலீஷ். இங்கே எல்லாவற்றையும் தமிழில் எழுதிக்கொள்கிறேன்.

நானாய் பெட்டியைத் திறந்ததும் ஒரு வாடை. தம்பி முகத்தில் ஈயாடவில்லை. பொட்டலம் பொட்டலமாகக் கருவாடு. அம்மா குனிந்து மோந்து பார்த்தாள். “நம்ம நெத்திலி மாரியேதான் கீது” என்று முகமெல்லாம் பல். இரண்டு பேரும் சேர்ந்து குழம்பு வைத்தார்கள், இருவருக்கும் தெரிந்த ஒரு வார்த்தைகூட இல்லாமல். அப்பாவின் அவித்த மல்லாட்டையும் (வேர்க்கடலை) நானாய்க்குப் பிடித்துப்போயிற்று. ஒரு சட்டி காலி.

ஒரே சிக்கல் புருவம். காப்பி வேண்டுமா என்று அம்மா கேட்டால் நானாய் புருவத்தைத் தூக்குகிறாள். அம்மா இன்னும் சத்தமாகக் கேட்கிறாள். மறுபடி புருவம். காது மந்தம் என்று முடிவே கட்டிவிட்டாள் அம்மா. அவர்கள் ஊரில் புருவத்தைத் தூக்கினால் ‘ஆமாம்’ என்று மரிசெல் விளக்கினாள். நாம் ‘ஆமாம்’ என்று தலையாட்டுவது அவர்களுக்கு ‘ஊகூம்’ மாதிரி இருக்கிறதாம். ஆக, காலையிலிருந்து இரண்டு குடும்பமும் ஒருவருக்கொருவர் இல்லை, இல்லை என்றே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறோம்.

ஜனவரி 10, சனி

கூட்டேரிப்பட்டு. ரோஸி அக்கா டெய்லர் கடை. மரிசெல்லின் கல்யாண ரவிக்கை. அளவைத் தம்பி துபாயிலிருந்து போனில் அனுப்பியிருந்தான். போன் அளவை நம்ப முடியாது, போட்டுக் காட்டச் சொல் என்றார் ரோஸி அக்கா. மரிசெல் ரவிக்கையைக் கையில் வாங்கினாள். நானாய் பாய்ந்து பிடுங்கினாள்.

முதல் கூடாது: கல்யாணத் துணியை மணப்பெண் முன்னாலேயே போட்டுப் பார்க்கக் கூடாது. போட்டால் கல்யாணம் தள்ளிப்போகும், இல்லை நின்றே போகும்.

ரோஸி அக்கா தொழிலுக்கு வந்து இருபது வருஷமாக இப்படி ஒன்றைக் கேட்டதில்லையாம். “இன்னாம்மா பேஜாரா கீது. அப்ப யாருக்குப் போட்டுப் பாக்குறது, எனக்கா?”

எனக்குத்தான். ஒரு கை நுழைந்தது. முழங்கையோடு நின்றுவிட்டது. உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. ரோஸி அக்கா ஒரு பக்கம், மரிசெல் ஒரு பக்கம் இழுத்தார்கள். நானாய் ஜெபமாலையை எடுத்துவிட்டாள். கடைசியில் ஒரு தையலைப் பிரித்து என்னை மீட்டார்கள். கழுத்து அளவு சரியாக இருக்கும் என்று ரோஸி அக்கா உத்தேசமாகச் சொன்னார்.

கடையில் நன்றாகச் சிரித்தேன். பஸ்ஸில் வரும்போது சிரிப்பு வரவில்லை.

என் ரவிக்கை பீரோவில் இருக்கிறது. சே.யோடு நிச்சயமானதும் தைத்தது. (சே. என்றால் சேவியர். விழுப்புரம். சரக்கு ரயில் ஓட்டுகிறார். அம்மா எடுத்துப் படித்தால் என்ன ஆவது என்று முழுப்பெயர் எழுதுவதில்லை. கோபம் வரும் நாளில் இதையே ‘ச்சே’ என்றும் படித்துக்கொள்ளலாம்.) முதல் தேதி குறித்தபோது அவர் அப்பா தவறிவிட்டார். இரண்டாம் தேதிக்குப் பிரிட்டோவுக்கு லீவு கிடைக்கவில்லை, கூடப்பிறந்தவன் இல்லாமல் எப்படி என்று அம்மா தள்ளிவைத்தாள். இப்போது மூன்றாவது தேதி, மே 20.

அந்த ரவிக்கையை மாதம் ஒரு தடவையாவது போட்டுப் பார்க்கிறேன். கதவைச் சாத்திக்கொண்டு. இறுக்கமாகிவிட்டதா என்று பார்க்கத்தான்.

மூடநம்பிக்கை. சரி.

ஜனவரி 11, ஞாயிறு

கோயிலில் தம்பி கல்யாணத்துக்கு இரண்டாம் ஓலை வாசித்தார்கள், ‘ஆட்சேபணை இருந்தால் சொல்லலாம்’ என்று மூன்று ஞாயிறு படிக்கிற அறிவிப்பு. சாமியார் மரிசெல்லை ‘மரியசெல்வி’ ஆக்கிவிட்டார். அம்மாவுக்குப் பரம திருப்தி. இனி அதுதான் பெயர் என்றாள்.

பூசை முடிந்ததும் பக்கத்துத் தெரு லூர்து அக்கா நானாயின் கையைப் பிடித்து, மே மாதம் ஸ்டெல்லா கல்யாணத்துக்கும், அதாவது என் கல்யாணத்துக்கும், கட்டாயம் வரவேண்டும் என்று அவருக்குத் தெரிந்த இங்கிலீஷில் அழைத்தார். நல்ல மனசோடுதான்.

நானாய் அப்படியே நின்றாள். பிரிட்டோவைப் பார்த்தாள். பிரிட்டோ செருப்பைத் தேடுகிற மாதிரி குனிந்தான். காலில்தான் போட்டிருந்தான்.

மத்தியானம் நானாய் சாப்பிடவில்லை. கருவாட்டுக் குழம்பு இருந்தும்.

ஜனவரி 12, திங்கள்

இரண்டாவது கூடாது. பெயர் சுகோப். கேட்கிறபோது பாதி சுகம், பாதி கோபம். கூடப்பிறந்தவர்கள் இரண்டு பேர் ஒரே வருஷத்தில் கல்யாணம் செய்யக் கூடாது. ஒன்றின் அதிர்ஷ்டத்தை இன்னொன்று தின்றுவிடும். தை மாதம் தம்பி, வைகாசியில் அக்கா. இரண்டும் ஒரே வருஷம்.

பிரிட்டோவுக்கு இது முன்பே தெரியும். மே மாதத்தைப் பற்றி அவர்களிடம் மூச்சு விடவில்லை. “நான் சமாளிச்சிக்கலாம்னு பாத்தேங்கா” என்றான். ஏ.சி.யையே மூன்று தடவை கழற்றித்தான் சரி செய்வான், இவன் சமாளிக்கிறானாம்.

அப்பா சிரித்துக்கொண்டே, இதெல்லாம் நம் ஊரில் பார்ப்பதில்லை என்று சொல்லப்போனார். அப்போது நானாய் பேசினாள், மெதுவாக. அவள் கல்யாணமும் அவள் அண்ணன் கல்யாணமும் ஒரே வருஷம் நடந்ததாம். பெரியவர்கள் சொல்லியும் கேட்கவில்லையாம். மரிசெல்லுக்கு நாலு வயதில் அப்பா போய்விட்டார். “மற்றவர்கள் சிரிக்கலாம், என்னால் முடியாது” என்றாள்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டிலும் யாரும் சிரிக்கவில்லை.

ஒரு கல்யாணம் தள்ளிப்போக வேண்டும். தம்பியுடையதைத் தள்ள முடியாது. மண்டபம் பேசியாயிற்று, ஓலை வாசித்தாயிற்று, மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் துபாயில் லீவு முடியப்போகிறது. யாரும் என் பெயரைச் சொல்லவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

பாத்திரம் கழுவுகிற இடத்தில் அம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். “நீயா ஒரு வார்த்த சொல்லிட்டன்னா முடிஞ்சிடும். அடுத்த தையில வச்சிக்கலாம். பெரியவ நீ, பொறுத்துக்கோயேன்.”

எனக்கு முப்பத்திரண்டு வயது. பொறுத்துக்கொள்வதில் பட்டமே வாங்கியிருக்கிறேன். ஏற்கெனவே கழுவின தட்டையே மறுபடி கழுவினேன். அழுகையாக வந்தது. நானாய் மேல் கோபம் வந்தால் நன்றாக இருந்திருக்கும். வரவில்லை.

ஜனவரி 13, செவ்வாய்

கடைக்குப் போனேன். ஒரு பெரியவருக்கு இரண்டு கண்ணுக்கும் பவரை மாற்றி எழுதிவிட்டேன். நல்லவேளை, அவரே கண்டுபிடித்துவிட்டார்.

சே. போன் செய்தார். விஷயத்தைச் சொன்னேன். “மறுபடியுமா?” என்றார். பின்னால் எங்கோ ரயில் கூவியது. மே மாத லீவுக்காக அவர் யார் யார் முன்னால் போய் நின்றார் என்று எனக்குத் தெரியும். சமாதானம் சொல்ல வாயெடுத்தேன். அவரே பேசினார்.

“மத்தவங்க கத வேணாம். மே மாசம் உனக்கு வேணுமா வேணாமா, அத மட்டும் சொல்லு.”

“வேணும்” என்றேன். இவ்வளவு பட்டென்று எதையும் நான் கேட்டதில்லை. பொங்கலுக்கு நேரில் வருவதாகச் சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

சாயங்காலம் மரிசெல் என் அறைக்கு வந்தாள். பீரோ திறந்திருந்தது. இது யாருடைய ரவிக்கை என்று கேட்டாள். சொன்னேன். போட்டுப் பார்த்ததையும் சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் தெரியவில்லை. “ஆத்தே” என்றாள். இந்தத் தடவை தமிழ் ‘ஆத்தே’தான்.

ஜனவரி 15, வியாழன், பொங்கல்

சே. முதல் ரயிலில் வந்துவிட்டார், தோளில் ஒரு கட்டுக் கரும்பு. வாசலில் பானை வைத்தோம். நானாய் தள்ளி நாற்காலியில், கையில் ஜெபமாலை.

சே. நேராக அவளிடம் போய் உட்கார்ந்தார். அவர் இங்கிலீஷ் என்னுடையதைவிட மோசம், தைரியம் அதிகம். ரயில்வேயில் வருஷம் ஏப்ரலில்தான் பிறக்கும், தை போன கணக்கு, மே புதுக் கணக்கு, ஆகவே இரண்டும் வேறு வருஷம் என்றார். ராத்திரியெல்லாம் யோசித்திருப்பார் போல. நானாய் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “கடவுள் ஆபீஸுக்குப் போவதில்லை” என்றாள்.

சே. முகம் விழுந்துவிட்டது. நான் அடுப்பில் ஓலையைத் தள்ளினேன். தேவைக்கு அதிகமாகவே தள்ளினேன். பானை பொங்கி வழிந்தது. யாரும் கூவவில்லை.

அப்பாதான் கூவினார், வீட்டுக்குள்ளிருந்து. வேலை அவசரத்தில் தேதித் தாள் கிழிக்க மறந்து, அப்போதுதான் கிழித்திருக்கிறார். காலண்டரையே ஆணியிலிருந்து கழற்றி எடுத்துக்கொண்டு வந்தார்.

“டேய் பிரிட்டோ, இத அந்தம்மாகிட்ட சொல்லு. வருசம்னா எந்த வருசம்? நம்முளுக்கு வருசம் சித்திரையிலல்ல பொறக்குது? இவன் கல்யாணம் இந்த வருசத்துத் தை. அவ கல்யாணம் அடுத்த வருசத்து வைகாசி.”

நித்தமும் அதில்தான் தேதி பார்க்கிறோம். ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

நானாய் காலண்டரை வாங்கினாள். மேலே திருஇருதய ஆண்டவர் படம். சிலுவை போட்டுக்கொண்டாள். அதன் கீழே ‘தை 1’. ரயில்வே சொன்னது வேறு, இது ஆண்டவர் படத்துக்குக் கீழேயே இருக்கிறது. கேள்வி கேட்க ஆரம்பித்தாள். அந்த வருஷத்துக்குப் பெயர் உண்டா? உண்டு, இது விசுவாவசு, அடுத்தது பராபவ என்றார் அப்பா. பராபவ என்றால் என்ன? பிரிட்டோ போனில் தேடினான். தோல்வி என்று வந்தது. “மாபெரும் வெற்றி” என்று மொழிபெயர்த்தான். சே. என் காதருகே, “எனக்குன்னே வச்ச பேரு” என்றார்.

அவர்கள் ஊரில் புது வருஷத்துக்கு உருண்டையான பழம் பன்னிரண்டு வைப்பார்களாம். நீங்களும் வைப்பீர்களா என்று கேட்டாள். எங்கள் வீட்டில் சித்திரை ஒன்றுக்கு ஒரு பழமும் வைத்ததில்லை. பக்கத்து வீட்டில் வைப்பார்கள், அதில் ஒரு தட்டு நமக்கு வரும். அப்பா கண் இமைக்காமல், “வைப்போம். பலாப்பழம் ஒண்ணு வச்சா பன்னெண்டுக்கு சமம்” என்றார். அடுத்த பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் ஒப்புக்கொள்ள ஒரு பொய் சேர்த்துக்கொண்டார்.

நானாய் காலண்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு பிரிட்டோவிடம் ஒன்று கேட்டாள்: இது எனக்காகச் சொல்கிற வருஷமா, நிஜமாகவே ஜனங்கள் கொண்டாடுகிற வருஷமா? நிஜம்தான் என்றான். அவன் இந்த வாரம் சொன்னதில் அது ஒன்றுதான் உண்மை.

எழுந்து என் பக்கம் வந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். புருவத்தைத் தூக்கினாள்.

“இன்னாவாம்? காப்பி கேக்குறாங்களா?” என்றாள் அம்மா.

எனக்குப் புரிந்துவிட்டது. அங்கேயே அழுதேன், எல்லோர் முன்னாலும், கையில் கரண்டியோடு. சே. கரும்பை ஒடிக்கிற மாதிரி திரும்பிக்கொண்டார்.

பொங்கல் அடிப்பிடித்துவிட்டது. நன்றாகத்தான் இருந்தது.

ஜனவரி 18, ஞாயிறு

மூன்றாம் ஓலை. மறுபடி மரியசெல்வி.

நாளைக்கு: மாலைக்குச் சொல்ல, வாழையிலை, நானாய்க்கு அவித்த மல்லாட்டை, சே.க்கு வேட்டி, எனக்குச் செருப்பு.

நானாய் காலண்டரைக் கேட்கிறாள், ஊருக்கு எடுத்துப்போக. தங்கைகளுக்குக் காட்ட வேண்டுமாம். அப்பா தர மனசில்லாமல் நாளும் ராகு காலமும் யார் சொல்வது என்று முணுமுணுக்கிறார். கடைசியில் அவரே கழற்றி, பேப்பரில் சுற்றி, ரப்பர் போட்டுக் கொடுத்துவிட்டார்.

ஜனவரி 21, புதன்

கல்யாணம். மரிசெல்லின் ரவிக்கைக் கழுத்து ஒரு விரல் தொளதொள. ஊக்கு குத்திச் சமாளித்தோம். யாருக்கும் தெரியவில்லை, கன்னத்தோடு கன்னம் வைத்து வாழ்த்தின லூர்து அக்காவைத் தவிர. அவருக்குக் குத்திவிட்டது.

தம்பி தாலி கட்டினான். மரிசெல் அழகு. சாமியார் ஒழுங்காக மரிசெல் என்றார், அம்மாவுக்கு வருத்தம். நானாய் என் பக்கத்தில்தான் நின்றாள். வெள்ளைத் துணிப் பை ஒன்றை என் கையில் திணித்தாள். உள்ளே அன்னாசி நாரில் நெய்த துணி, கண்ணாடி மாதிரி மெல்லிசு. மகளிடமிருந்து விஷயம் போயிருக்கிறது. பழைய ரவிக்கையை விட்டுவிடு, இதில் புதுசு தைத்துக்கொள் என்றாள்.

ஜனவரி 23, வெள்ளி

வெயில். நாளைக்கு மூன்று பேருக்கும் விமானம்.

கூட்டேரிப்பட்டு. மரிசெல்லும் கூட வந்தாள். ரோஸி அக்கா கல்யாணக் கூட்டத்திலேயே துணியை வாங்கிப்போனவர், இரண்டே நாளில் தைத்துவிட்டார். சும்மா சொல்லக் கூடாது, அவ்வளவு நேர்த்தி. “ஜல்தியா போட்டுக்கினு வா, கை பாக்கணும்” என்று நீட்டினார்.

என் கை நீண்டது. திரும்ப வந்தது.

மரிசெல்லிடம் கொடுத்தேன். அவள் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். அதற்குள் இன்னொரு மரிசெல் தாராளமாக இருக்கலாம். கைகள் தொங்குகின்றன, தோள் முழங்கைக்கு வந்துவிட்டது. ரோஸி அக்கா வாயில் குண்டூசியோடு அவளைச் சுற்றி ஒரு தரம் வந்தார். அளவு எப்படி எடுப்பது என்று என்னைப் பார்த்தார்.

“அவங்க ஊரு பொண்ணு, சரி. கண்ணுக்குக் கண்ணாடி போட்டு விடுறவ நீ. நீயுமாடி இத நம்புற?”

புருவத்தைத் தூக்கினேன்.

“இன்னா?” என்றார் ரோஸி அக்கா. “இன்னான்ற?”