புளூட்டோவின் புடைப்பும் இணைச்சீர்ச் சேலையும்

எலப்புள்ளி
10-9-1978

அன்பு மகள் நாச்சம்மாளுக்கு அம்மா எழுதுவது. இவ்விடம் நானும் உன் தந்தையாரும் தம்பி ஈஸ்வரமூர்த்தியும் மாரியம்மன் அருளால் சுகமே. அமெரிக்காவில் வானாராய்ச்சி செய்யும் நீ, புளூட்டோ கிரகத்தின் உடல்நலத்தைப் பற்றி எழுதுவதில் பாதியளவாவது உன் உடல்நலத்தைப் பற்றியும் எழுதுமாறு வேண்டுகிறேன்.

உன் கடிதத்தை மும்முறை வாசித்தேன். புளூட்டோ நினைத்திருந்ததைவிட மிகவும் சிறியது, நம் நிலவைக் காட்டிலும் சிறியது என்று எழுதியிருந்தாய். அது கண்டறியப்பட்ட வருஷத்தில் பிறந்தவள் நான். எனக்கு வயது ஏற ஏற அதற்கு உடம்பு இளைக்கிறது. அந்தப் பாக்கியம் எனக்கு இல்லை. அதற்கு ஒரு துணை நிலவு அகப்பட்ட செய்தியை உன் தந்தையாருக்கு உரக்க வாசித்துக் காட்டினேன். புளூட்டோவின் படத்தில் ஓரமாகப் புடைத்துத் தெரிந்த அந்த நிலவைப் படத்தின் பழுது என்று பல ஆண்டுகள் தள்ளி வைத்திருந்தார்களாமே. மடை திருப்பப் புறப்பட்டவர் நின்று கேட்டுவிட்டு, அத்தன படிச்சவிங்க கண்ணுக்கே தெரியலியா என்று கேட்டுக்கொண்டே போனார்.

இனி நம் செய்தி. உன் தம்பிக்குத் தை மாதம் பதினோராம் நாள் முகூர்த்தம் குறித்தாயிற்று. நாள் குறிக்க வந்த ஜோசியர் நஞ்சப்பனிடம், புளூட்டோ எந்த வீட்டில் நிற்கிறது என்று முறைப்படி வினவினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, ஏனுங்கம்மணி, இருக்கற ஒம்பதுக்கே கட்டத்துல எடம் பத்தமாட்டீங்குது, நீங்க சீமையிலிருந்து புதுசா ஒராளைக் கூட்டியாறீங்களே என்றார். உன் தந்தையார் சிரித்தது வாய்க்கால் வரை கேட்டிருக்கும். சிக்கல் அதன் பிறகுதான் வந்தது. இணைச்சீர்ச் சடங்கில் மாப்பிள்ளையோடு நிற்கப்போகும் உடன்பிறந்தாள் யார் என்று பங்காளிகள் கேட்டார்கள். கூறைச் சேலையின் ஒரு முனையை அவன் பிடிக்க, மறுமுனையைப் பிடித்து நிற்கப் பிறந்தவள் நீ ஒருத்திதான் என்பதை உனக்கு நினைவூட்டத் தேவையில்லை. ஆனால் நான்கு வருஷமாக இந்தப் பக்கம் வராதவள் இப்போது வருவாள் என்று ஒருவருக்கும் நம்பிக்கையில்லை. உன் பெரியப்பா மகள் பூவாத்தாள், தானே நிற்கலாமென்று சீருக்கு உடுத்தும் ரவிக்கைக்கு அளவே கொடுத்துவிட்டாள். அவளும் அக்காள் முறைதான், குறை சொல்ல வழியில்லை. அப்போது, சபையில் வாய் திறந்தறியாத உன் தம்பி, அக்கா வருமுங்க, வல்லீன்னா அந்த மொனை சும்மா தொங்கட்டும் என்று சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டான். பூவாத்தாள் கோபித்துக்கொள்வாள் என்று அஞ்சினேன். அவளோ மறுநாளே வந்து, துணி இன்னும் வெட்டவில்லை, நாச்சாளின் அளவைச் சொல்லுங்கள் என்கிறாள். நீ அங்கே பெருத்தாயா, புளூட்டோவைப் போல் இளைத்தாயா என்று பெற்றவளுக்கே தெரியாமல் விழித்தேன்.

புளூட்டோ சூரியனைச் சுற்றிவர இருநூற்று நாற்பத்தெட்டு வருஷம் எடுத்துக்கொள்ளட்டும். அதற்குத் தம்பியும் இல்லை, தம்பிக்குக் கல்யாணமும் இல்லை. நம் கல்யாணப் படத்தில் மாப்பிள்ளையின் ஓரத்தில் ஒரு புடைப்பாகவாவது நீ தெரியவேண்டும் என்பது என் விண்ணப்பம். தலைக்கு எண்ணெய் வை, குளிரில் வெறுங்காலோடு நடக்காதே. மாரியம்மன் உனக்குத் தீர்க்காயுசும் வேளாவேளைக்குப் பசியும் அருளட்டும். ரவிக்கை அளவை ஐப்பசிக்குள் எழுது. வர இயலாதென்றால் காரணங்களை விளக்கி எழுத வேண்டாம், அளவு வராததிலிருந்தே அறிந்துகொள்வேன். நீ வராவிட்டால் சேலையின் அந்த முனை தொங்கட்டும் என்று பங்காளிகளிடம் நானும் சொல்லிவிட்டேன்.

இங்ஙனம்,
உன் அளவறியாத அம்மா
மருதாத்தாள்