கருங்கானல் பவுண்டில் அடைபட்டுள்ள வில்லை எண் 19 நாயை விடுவிக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
கு. விசாலாட்சி, பி.ஏ., எல்.டி.,
செயலாளர்,
மலைக்கிராம நாய்ப் பராமரிப்பு உதவிச் சங்கம்,
நாயுடுபுரம், கொடைக்கானல்.

பெறுநர்:
உயர்திரு. சப்-கலெக்டர் அவர்கள்,
திண்டுக்கல் கோட்டம்,
முகாம்: கொடைக்கானல்.

பொருள்: கருங்கானல் பஞ்சாயத்தில் 9.1.1961 அன்று உரிமம் பெற்ற நாய்கள் மூன்று கொல்லப்பட்டதும், நான்காவது நாய் வரும் திங்கட்கிழமை கொல்லப்படவிருப்பதும் குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா,

இம்மனுவைத் தபாலில் சேர்க்காமல் நேரில் கொண்டுவந்து கொடுப்பதற்கு மன்னிக்க வேண்டுகிறேன். நாளை மாலையோடு தங்கள் முகாம் முடிகிறது என்று அறிகிறேன். சனியும் ஞாயிறும் பொங்கல் விடுமுறை. திங்கட்கிழமை காலையில், கருங்கானல் பஞ்சாயத்துப் பவுண்டில், அதாவது பிடிபட்ட மாடுகளை அடைக்கும் பட்டியில், உள்ள ஒரு நாயைக் கொல்ல ஏற்பாடாகியிருக்கிறது. அது உரிமம் பெற்ற நாய். வெறிநோய்த் தடுப்பூசி போடப்பட்ட நாய். தங்கள் உத்தரவு ஒன்றுதான் அதை நிறுத்தக்கூடும் என்பதால் காத்திருக்க முடியவில்லை.

1. எங்கள் சங்கத்தைப் பற்றித் தாங்கள் கேள்விப்பட்டிருக்க வாய்ப்பில்லை. ஐந்து பெண்களும், ஓய்வுபெற்ற கால்நடைக் கம்பவுண்டர் ஒருவரும் சேர்ந்த சிறிய அமைப்பு. நான் இங்கே ஒரு பெண்கள் பள்ளியில் ஆசிரியை. 1957ஆம் ஆண்டு கருங்கானலில் கந்தம்மாள் என்ற பெண் வெறிநாய்க் கடியால் இறந்தார். கடித்தது அவர் வீட்டு நாயேதான். அந்த நாய்க்கு முன்பே ஊசி போட்டிருக்கலாமே என்று நான் அங்கு போனபோது கேட்டேன். பஸ்ஸில் நாயை ஏற்ற மாட்டார்கள், நடந்து வர ஒரு நாள், திரும்பிப் போக ஒரு நாள், இரண்டு நாள் வேலை போனால் வீட்டில் அடுப்பு எரியாது என்று அவர் கணவர் பதில் சொன்னார். கேட்டதற்காக வெட்கப்பட்டேன். சங்கம் அந்த வெட்கத்திலிருந்து தொடங்கியது.

2. மாதந்தோறும் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை, காய்கறி ஏற்ற வெறுமையாகப் போகும் லாரியில் நாங்கள் மன்னவனூர் வரை சென்று, அங்கிருந்து நான்கு மைல் நடந்து கருங்கானலை அடைகிறோம். தடுப்பூசி போடுகிறோம். பூச்சி மருந்து கொடுக்கிறோம். பன்றி கிழித்த காயங்களைத் தைக்கிறோம். விளைச்சல் இல்லாத மழை மாதங்களில் நாய்களுக்கென்று கேழ்வரகு மாவும் கொண்டுபோகிறோம். தொடக்கத்தில் சிரித்தார்கள். "நமக்கு ஊசி போட ஒரு நாதியக் காணோம், நாய்க்கு டாக்டரு வந்திருக்காகளாக்கும்" என்று ஒரு பெரியவர் என் காதுபடவே சொன்னார். அவர் சொன்னதில் நியாயம் இருந்ததால் நான் மறுக்கவில்லை. அடுத்த மாதம் அவரே தம் நாயைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். அன்று முதல் இன்று வரை அவ்வூரில் வெறிநாய்க் கடியால் யாரும் இறக்கவில்லை.

3. சென்ற ஆகஸ்டு மாதம் பஞ்சாயத்து ஒரு தீர்மானம் செய்தது. ஒவ்வொரு நாய்க்கும் உரிமம் பெற வேண்டும். எண் பொறித்த பித்தளை வில்லையை அதன் கழுத்தில் கட்ட வேண்டும். வில்லை தொலைந்தால் அந்த ஆண்டு முடியும் வரை மாற்று வில்லை கிடையாது. உரிமம் பெற இயலாத இருபத்து மூன்று வீட்டாருக்குச் சங்கமே விண்ணப்பம் எழுதி, உரிமம் பெற்று, வில்லைகளை வாங்கிக் கொடுத்தது. கொடுத்தவள் நான். ஒவ்வொருவர் கையிலும் வைக்கும்போது, "பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், இது தொலைந்தால் நாயே தொலைந்த மாதிரி" என்று சொன்னேன். இருபத்து மூன்று முறை சொன்னேன். இதைத் தாங்கள் நினைவில் கொள்ள வேண்டுகிறேன்.

4. அந்த ஊர் நாய்கள் அலங்காரத்துக்கு வளர்பவை அல்ல. உருளைக்கிழங்குக் காட்டில் பன்றியை விரட்டுபவை. காட்டைச் சுற்றி முள்வேலி இருக்கிறது. கழுத்தில் வாரோ கயிறோ கட்டிய நாய் வேலிக்குள் புகுந்து ஓடும்போது அது முள்ளில் சிக்கும். வார் அறுந்து விழும், அல்லது நாயின் மூச்சு நின்றுபோகும். இரண்டும் அங்கே நடந்திருக்கின்றன. ஆகவே வில்லையைப் பத்திரப்படுத்துவது என்றால் அந்த மக்களுக்கு ஒரே இடம்தான் தெரியும். பட்டாவையும் ரேஷன் கார்டையும் எங்கே வைப்பார்களோ அங்கே, சாமி படத்தின் ஆணியில் மாட்டிவிட்டார்கள்.

கார்த்திகையன்று நான் அங்கு போயிருந்தேன். வீட்டுக்கு வீடு விளக்கருகே வில்லைகள் தொங்கின. சில வீடுகளில் துலக்கிக் குங்குமம் வைத்திருந்தார்கள். அதைக் கண்டு எனக்கு மனம் நிறைந்தது. நாங்கள் கொடுத்ததை இவ்வளவு மதிக்கிறார்களே என்று எண்ணியபடி மலை இறங்கினேன். அது இருக்க வேண்டிய இடம் அதுவல்ல என்று ஒரு கணமும் எனக்குத் தோன்றவில்லை.

5. டிசம்பர் கடைசியில் பக்கத்துக் குடியிருப்பில் வெறிநாய் ஒன்று காணப்பட்டது. பஞ்சாயத்து அஞ்சியதில் தவறில்லை. கந்தம்மாளின் சாவை அறிந்தவர்கள் எல்லோருக்கும் அந்த அச்சம் உண்டு, எனக்கும் உண்டு. வில்லை இல்லாத நாய்களைக் கொல்ல மலையடிவாரத்திலிருந்து ஆட்களை வரவழைத்து, முந்தைய நாள் தண்டோராவும் போட்டார்கள். அதன் பிறகு ஊரில் நடந்ததுதான் என்னை இன்னும் வருத்துகிறது. உரிமம் வாங்காதவர்கள் தங்கள் நாய்களைச் சோலைக்காட்டுக்குள் கொண்டுபோய்க் கட்டிவிட்டார்கள். உரிமம் வாங்கியவர்களோ, நம் நாய்க்குத்தான் சர்க்கார் வில்லை இருக்கிறதே என்ற நம்பிக்கையில் அவிழ்த்தபடியே விட்டிருந்தார்கள். திங்கட்கிழமை காலை ஆட்கள் வந்தபோது தெருவில் நின்றவை அந்த நாய்கள் மட்டுமே. மனிதரைக் கண்டு ஓடவும் அவற்றுக்குத் தெரியவில்லை. ஊசி போட வருபவர்களைக் கண்டு பழகியிருந்தன.

மூன்று நாய்கள் அடித்துக் கொல்லப்பட்டன. மூன்றுக்கும் உரிமம் இருந்தது.

6. நான்காவது நாயின் பெயர் கரிச்சான். உரிமையாளர் வேலுத்தாய், கணவரை இழந்தவர், அரை ஏக்கர் கிழங்கு போட்டிருப்பவர். நேற்று நான் கருங்கானல் சென்று அவர் சொன்னதைக் கேட்டு எழுதினேன். எழுத்துத் தமிழுக்கு மாற்றினால் அதன் உண்மை குறைந்துவிடும் என்று அஞ்சி, அவர் சொன்னபடியே தருகிறேன்:

"எம் புருசன் போயி மூணு வருசமாச்சுங்க. எனக்குக் காது சுத்தமாக் கேக்காது. காட்டுல பன்னி எறங்குனா இதுதான் வந்து முந்தானையப் புடிச்சு இழுக்கும். அன்னைக்கு வெள்ளனே சோலிய முடிச்சுட்டு வந்து பாக்குறேன், சுருக்குக் கயித்துல மாட்டிக் கெடக்கு. வில்லை வீட்டுல இருக்குங்கய்யா, சாமி படத்துல தொங்குது, வெரசாப் போயி எடுத்தாறேன், அதுக்குள்ள கை வச்சிராதீகன்னு கும்பிட்டேன். அவுக என்ன சொன்னாகன்னு எனக்குக் கேக்கல. வாய் அசஞ்சது தெரிஞ்சுச்சு. எடுத்துக்கிட்டு ஓடியாந்தேன். மத்த மூணும் கெடக்கு. இது மட்டும் என்னையப் பாத்து வால ஆட்டுச்சு."

வந்த ஆட்களில் மூத்தவரான கந்தவேல் என்பவர், "ஏலே, நிறுத்துங்க. அந்தம்மா கையில என்னமோ கொண்டாருது, பாத்துட்டுச் செய்வோம்" என்று தடுத்திருக்கிறார். அதற்குள் மற்ற வீட்டார் தங்கள் நாய்களைப் பிடித்து உள்ளே கட்டிவிட்டார்கள். கந்தவேல் தடுத்ததால்தான் இம்மனுவுக்கு இடம் ஏற்பட்டது. அவர் மீது எனக்குக் குறை ஏதுமில்லை என்பதைப் பதிவு செய்ய விரும்புகிறேன்.

7. நாய் பவுண்டில் அடைக்கப்பட்டது. வேலுத்தாய் வில்லையைக் காட்டியபோது பஞ்சாயத்துக் குமாஸ்தா ஏற்கவில்லை. "சர்க்கார் வில்லை குடுத்தது நாய்க்கு, ஒங்க சாமிக்கு இல்ல" என்று அவர் சொன்னதாக அங்கிருந்தவர்கள் கூறினர். வேலுத்தாய்க்கு அது கேட்டிருக்காது என்பது ஓர் ஆறுதல். ஆனால் குமாஸ்தா எழுப்பும் ஆட்சேபத்தை நான் அலட்சியப்படுத்தவில்லை. வீட்டிலிருந்து கொண்டுவந்த வில்லை இந்த நாயுடையதுதான் என்பதற்கு என்ன சாட்சி, செத்துப்போன வேறொரு நாயின் வில்லையாக இருக்கலாமே என்று கேட்கிறார். கேட்க வேண்டிய கேள்விதான்.

அதற்கு விடை எங்கள் பதிவேட்டில் உள்ளது. ஊசி போடும்போதே ஒவ்வொரு நாயின் அடையாளத்தையும் வில்லை எண்ணோடு எழுதி வைப்பது எங்கள் வழக்கம். செப்டம்பர் 11ஆம் தேதிய பக்கத்தில் என் கையெழுத்தில் இவ்வாறு இருக்கிறது: "எண் 19. கரிச்சான். ஆண். முழுக் கருப்பு, இடது முன்னங்கால் பாதம் மட்டும் வெள்ளை. வலது காது நுனி பன்றி கிழித்து இரண்டாகப் பிளந்தது. விலாவில் ஏழு தையல்." கம்பவுண்டரும் அதில் கையொப்பமிட்டிருக்கிறார். குமாஸ்தாவிடம் இதைக் காட்டினேன். தனியார் எழுதிவைத்த நோட்டுப் புத்தகத்தைத் தாம் பார்க்க வேண்டிய அவசியமில்லை என்றார். நாய் இருபது அடி தூரத்தில்தான் இருந்தது. அதன் காதை வந்து பார்க்கும்படி கேட்டுக்கொண்டேன். அவர் வரவில்லை.

8. ஒரு நாய்தானே என்று தங்களுக்குத் தோன்றலாம். கிழங்கு தோண்ட இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. காது கேட்கும் ஒருவர் தகரத்தைத் தட்டியாவது பன்றியை விரட்டலாம். வேலுத்தாய் திங்கட்கிழமையிலிருந்து இரவெல்லாம் காட்டில் விழித்தே இருக்கிறார். இருந்தும், பன்றி வந்ததையும் போனதையும் விடிந்து மண்ணைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறார். நேற்று நான் பார்த்தபோது மேட்டுப் பக்கம் நான்கு பாத்திகள் உழுது போட்டதுபோல் கிடந்தன. அவருக்கு அந்த அரை ஏக்கர் தவிர வேறு எதுவும் இல்லை. வேறு நாயைக் கொண்டுவந்து தருகிறோம் என்று சைகையால் சொன்னேன். முந்தானையைப் பிடித்து இழுக்க வேண்டும் என்று அதற்கு யார் சொல்லிக் கொடுப்பது என்று கேட்டார். கரிச்சானுக்கும் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லையாம்.

9. இதில் என் பங்கை நான் மறைக்கக்கூடாது. இறந்த நாய்களில் ஒன்றான செவலையை வளர்த்த பாப்பம்மாளின் வீட்டுக்கு நேற்று போனேன். அவர் எனக்கு மணை எடுத்துப் போட்டு, காப்பி கொடுத்துவிட்டு, கோபம் ஏதும் இல்லாமல், "நீங்கதான டீச்சரம்மா பத்திரமா வைக்கச் சொன்னீக" என்றார். கழுத்தில் கட்டுங்கள் என்பதை நான் சொன்னேனா என்று மூன்று நாட்களாக நினைத்துப் பார்க்கிறேன். விதியில் எழுதியிருக்கிறது, அவர்களுக்குத் தெரிந்திருக்கும் என்று இருந்துவிட்டேன். எழுதியிருப்பதை அவர்களில் எவரும் படிக்க முடியாது என்பதும் எனக்குத் தெரிந்தே இருந்தது. பள்ளியில் ஒரு பாடத்தைப் பிள்ளைகள் எல்லோரும் ஒன்றுபோலத் தவறாக எழுதினால், தவறு பிள்ளைகளுடையது அல்ல என்று பிற ஆசிரியைகளுக்குச் சொல்பவள் நான்.

ஆகவே விதியை மீறியதற்குத் தண்டனை உண்டென்றால் அதைச் சங்கத்தின் செயலாளர் என்ற முறையில் எனக்கு விதிக்க வேண்டுகிறேன்.

10. தங்களிடம் நான் கோருபவை:

(அ) கரிச்சானைத் திங்கட்கிழமை கொல்லாமல் நிறுத்தி வைக்க இன்றோ நாளையோ எழுத்து மூலம் உத்தரவிட வேண்டும்.

(ஆ) கால்நடை மருத்துவர் ஒருவர் நாயை எங்கள் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்த்து, ஒத்திருந்தால் வேலுத்தாயிடம் ஒப்படைக்க வேண்டும். ஒத்துவராவிட்டால் நான் மேற்கொண்டு எதுவும் கேட்கமாட்டேன்.

(இ) இனி இத்தகைய நடவடிக்கை எடுக்கும்போது, நாயைக் கொல்லுமுன் அது எந்த வீட்டு நாய் என்று ஒருமுறை கேட்கும்படி பஞ்சாயத்துக்கு அறிவுரை வழங்க வேண்டும். எங்கள் பங்குக்கு, முள்ளில் சிக்கினால் தானே அவிழும்படியான வாரை மீதமுள்ள இருபது நாய்களுக்கும் தைத்து, நாங்களே கழுத்தில் கட்டிவிட்டு வருவோம்.

இறந்த மூன்று நாய்களுக்காக அவற்றின் உரிமையாளர்கள் எதையும் கேட்கவில்லை. கேட்கலாம் என்று நான் சொல்லியும் கேட்கவில்லை.

பொங்கலை முன்னிட்டு, பவுண்டில் இருந்த மாடுகளை அவரவர் மீட்டுச் சென்றுவிட்டார்கள். இப்போது உள்ளே இருப்பது அந்த நாய் மட்டுமே. பகல் முழுவதும் வேலுத்தாய் படலுக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறார். வில்லையைக் கயிற்றில் கோத்துக் கையில் வைத்திருக்கிறார். படல் இடுக்கு வழியாகக் கழுத்தில் கட்டிவிடட்டுமா என்று பவுண்டுக் காவலரிடம் தினமும் கேட்கிறார். உத்தரவு வரட்டும் என்கிறார் காவலர். அதை அவர் சைகையால்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

தங்கள் உத்தரவு ஒரு வரியாக இருந்தாலும் போதும். பண்டிகை நாட்களில் மேலே லாரி ஓடாது. நானே நடந்து கொண்டுபோய்ச் சேர்ப்பேன்.

மேலே எழுதியவை அனைத்தும் நான் கண்டும் கேட்டும் அறிந்த உண்மை என்று உறுதி கூறி, தங்கள் பதிலை எதிர்நோக்கும்,

கு. விசாலாட்சி

இடம்: கொடைக்கானல்
நாள்: 12.1.1961

இணைப்பு:
1. பதிவேட்டின் 11.9.1960 தேதிய பக்கத்தின் நகல்.
2. எண் 19 நாய்க்குத் தடுப்பூசி போட்டதற்கான எங்கள் கால்நடைக் கம்பவுண்டரின் சான்று.
3. வேலுத்தாயின் வாக்குமூலம், இடது பெருவிரல் ரேகையுடன்.
4. பித்தளை வில்லைகள் மூன்று: எண் 14, எண் 17, எண் 22. ஒன்றில் குங்குமம் இருக்கிறது. துடைக்க மனமில்லாமல் அப்படியே சேர்த்திருக்கிறேன். இவற்றின் நாய்கள் இப்போது இல்லை. எண் 19 வில்லையை இணைக்கவில்லை. அது வேலுத்தாயின் கையில் இருக்கிறது.