கொல்லாதே என்று ஒரு வரி

7 ஜூலை, திங்கள்
காலையிலேயே வெயில். பாலத்தில் நெரிசல், ஜெலுத்தோங் வீட்டிலிருந்து பிறை ஃபேக்டரிக்கு மோட்டார் பைக்கில் ஐம்பது நிமிடம்.

நான்காம் எண் சோதனை மெஷின் மறுபடி நின்றதாம். எப்போதும்போல மாலை ஐந்துக்கு மேல், ஆபரேட்டர் பரமேஸ்வரி அக்காவின் ஷிப்டில். சூப்பர்வைசர் ரவி அண்ணன் முடிவே கட்டிவிட்டார்.

"அவங்க எதையோ அமுக்கிடுறாங்க லா. வெள்ளிக்கிழமை மூணாவது வார்னிங் லெட்டர்."

மூன்றாவது என்றால் வேலை போச்சு. "வெள்ளிக்குள்ள கண்டுபிடிக்கிறேண்ணே, கையெழுத்துப் போடாதீங்க" என்றேன். மெஷினை நடத்தும் கணினியில் மெமரிப் பிரச்சினை, பார்த்ததுமே தெரிகிறது. மெமரியைப் புரோகிராம்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்கும் அடிப்படை மென்பொருளான கெர்னல் என் பேட்டை.

வாங்க: இருமல் மருந்து, பிரேக் கேபிள்.

8 ஜூலை, செவ்வாய்
மழை. கெர்னலே எழுதி வைத்திருக்கிறது: 'மெமரி தீர்ந்தது, சோதனை புரோகிராமைக் கொன்றேன்.' அக்கா எதையும் அமுக்கவில்லை. அப்பாடா!

கேன்டீனில் ரவி அண்ணனுக்குப் பாடம். காலி மெமரியைக் கெர்னல் சும்மா விடாது; படித்த கோப்புகளின் பிரதிகளை அதில் வைத்துக்கொள்ளும். யாராவது இடம் கேட்டால் பிரதிகளைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கொடுக்கும். தூக்கிப் போட ஒன்றுமில்லையென்றால் ஒரு புரோகிராமைக் கொல்லும், அதாவது பாதியிலேயே நிறுத்திவிடும்; பெரும்பாலும் அதிக மெமரி தின்பதை.

"அப்ப சோதனை புரோகிராம்தான் தின்னுதா?"

"இல்லண்ணே, அது கொஞ்சம்தான்."

பிறகு ஏன் அதைக் கொன்றது? தெரியவில்லை. தட்டிலிருந்த மீ கோரேங் நூடுல்ஸை முடித்துவிட்டு மெஷினுக்குத் திரும்பினேன்.

10 ஜூலை, வியாழன்
பிடித்துவிட்டேன்! மெமரியைத் தின்பது, சோதனை முடிவுகளைப் பதிவு எழுதும் புரோகிராம். வாங்கிய மெமரியைத் திருப்பித் தருவதே இல்லை. காலை ஷிப்ட் ஆட்கள் ஏழு மணிக்கு மெஷினை அணைத்து மறுபடி போடுவது வழக்கம்; அப்போது எல்லாம் காலி. மாலைக்குள் நிரம்பிவிடும். பழி அக்கா தலையில்.

தின்கிறவனை விட்டுவிட்டு ஏன் மற்றவனை? அமைப்புக் கோப்பைத் திறந்தேன். பதிவு புரோகிராமுக்கு நேரே ஒரு வரி: எந்த நிலையிலும் இதைக் கொல்லாதே. எழுதியது, நான். ஏப்ரல். ஒரு பதிவும் தொலையக்கூடாது என்று மேலிடத்தில் கேட்டார்கள். பெருமையாகப் போட்டுக் கொடுத்தேன்.

அலாமாக், ஐயோ. வெட்கம்.

11 ஜூலை, வெள்ளி
வரியை எடுத்தாயிற்று. மெமரி ஒழுகுவதையும் அடைத்தாயிற்று. காலையில் மெஷினை அணைக்க விடவில்லை. மாலை ஐந்து, ஆறு, ஏழு. ஓடுகிறது, மெமரி அளவு ஏறவே இல்லை. இனி நிற்காது, எழுதியே தருவேன்.

ரவி அண்ணன் ரிப்போர்ட்டைப் படித்தார். "சாஃப்ட்வேர் கோளாறுன்னு மட்டும் போடு லா. உன் பேரு எதுக்கு?"

பெயரோடுதான் கொடுத்தேன். புது லெட்டரைக் கிழித்தார். பழைய இரண்டையும் ரத்து செய்கிறாராம்.

அக்காவிடம் நானே போய்ச் சொன்னேன், ஒன்றையும் மறைக்காமல். கையுறையைக் கழற்றிக்கொண்டே கேட்டார்.

"அப்ப மூணு மாசமா நான் பாத்ரூம்ல போய் அழுதது உன்னாலயா?"

"ஆமாக்கா."